பௌர்ணமிக்கு ஊற்றும் புல் டீ

அப்பா,

அம்மாவுக்கு நைட்டியும் துண்டும் எடுக்க வந்தேன். நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்காவிடம் கொடுங்கள்.

நேற்று வார்டில் எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அம்மாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வலது கையும் அசையவில்லை. மாத்திரையை நிறுத்தியதில் பிரஷர் ஏறி, மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

இன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் எலுமிச்சைப் புல் டீ ஊற்றப் போவீர்கள். போங்கள், தடுக்கவில்லை. நடந்து களைத்தவர்களுக்கு அது இதம்தான். வயிற்று உப்புசம் குறையும், தூக்கம் வரும். ஆனால் டம்ளரை நீட்டும்போதே, "இதைக் குடிச்சா பிரஷர் மாத்திரையே வேணாங்க, எங்க வீட்லயே நிறுத்திட்டோம்" என்பீர்களே, அதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். போன பௌர்ணமிக்கு அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் திரும்ப வந்தால், நம் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தேவிப்ரியா

டீ ஊற்றப் போகும் முன் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. அம்மாவுக்கு அந்தப் புல் வாசனையே ஆகாது. வேண்டாமென்றால் விட்டுவிடேன் என்று ஒருநாள் சொன்னேன். "குடிக்கலைன்னா உங்கப்பா மூஞ்சி வாடிப்போயிடும்டி" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.