அரை மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

கொழுந்தனாருக்கு,

வைக்கோல் லாரிக்காரர் தினமும் காலையில் கண்காட்சித் திடலுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறாராம். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடுங்கள். போன் வேண்டாம். பத்தொன்பது வருஷமாக உங்களோடு பேசாதவள் ஒரு குதிரைக்காகப் பேசத் தொடங்க மாட்டேன்.

மினுக்கி எப்படி இருக்கிறாள்? தீனி எடுக்கிறாளா? கழுத்து வியர்க்கிறதா? வாலை எப்படி வைத்திருக்கிறாள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். இந்த இடுப்பு வலி மட்டும் இல்லையென்றால் நானே வந்திருப்பேன். விடிந்ததிலிருந்து அவளுடைய காலிக் கொட்டடிக்கும் வாசலுக்கும் நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பேத்தி மினுக்கி மேல் ஏறித் தடை தாண்டுவதைப் பார்த்துத்தான் சவாரிப் பள்ளியில் இடம் கொடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்காக மருந்து கிருந்து என்று ஏதாவது யோசனை வைத்திருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் பெண்டாட்டி


மார்ச் 4, புதன்

அண்ணிக்கு வணக்கம்.

மறைக்காமல் எழுதுகிறேன். மினுக்கி அரை வாளித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேற்று ஒலிபெருக்கியைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்குக் கொட்டடிக் கதவை உதைத்துப் பலகையைப் பிளந்துவிட்டாள். கழுத்து, விலா எல்லாம் வியர்வை. வாலை இடுக்கிக்கொண்டே நிற்கிறாள்.

இங்கே ஒரு டாக்டர், சின்னதாக ஒரு மயக்க ஊசி போட்டால் அடங்கிவிடும் என்கிறார். விதிப்படி கூடாது. ஆனால் பாதிப் பேர் போடுகிறார்கள். விலகிக்கொள்ளலாமா என்று பேத்தியிடம் கேட்டேன். "மூணு வருஷம் இதுக்காகத்தானே விழுந்து விழுந்து எழுந்தேன், சின்னத் தாத்தா? ஊசியைப் போட்டுடுங்க. பாட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "உங்க பாட்டிகிட்டப் பேசி ஜெயிச்ச ஆளை நான் இன்னும் பார்க்கலை" என்றேன்.

குதிரை உங்களுடையது. போடலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை போதும்.

கொழுந்தன்


மார்ச் 5, வியாழன்

கொழுந்தனாருக்கு,

வேண்டாம்.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், எழுதிவிட்டேன். மீதியையும் படியுங்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் போட்டியன்று உங்கள் அண்ணன் நீலச் சட்டை போட்டிருந்தார், இடது கையில் பொத்தான் இல்லை. செங்குதிரை இரண்டு தடைகளைத் தாண்டியது. மூன்றாவதில் முன்னங்காலைத் தூக்கவே இல்லை. மொத்த உடம்போடு அவர் மேல் சாய்ந்தது. நீங்கள் ஓடிவந்து, "குதிரையை அடக்க அரை மாத்திரைதான் குடுத்தேன் அண்ணி" என்றீர்கள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அப்புறம் பதினான்கு வருஷம் அவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். சாகிற வரைக்கும் உங்களிடம் பேசவில்லை. நீங்கள் லாயத்து அறையிலேயே கிடந்தீர்கள், வீட்டுப் படி ஏற நான் விடவில்லை. இனியும் விட மாட்டேன்.

பேத்தியும் காலை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டுமா? இன்றைக்காவது மினுக்கி தீனி எடுத்தாளா?

அண்ணன் பெண்டாட்டி


மார்ச் 5, வியாழன் மத்தியானம்

அண்ணிக்கு,

தவிட்டில் வாய் வைத்தாள், விழுங்கவில்லை. இன்னும் அடங்கவில்லை.

ஊசியை வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை வரை நேரம் இருக்கிறது. நான் போடாவிட்டால் டாக்டரிடம் தானே போய்க் கேட்பாளாம் பேத்தி. அவரும் மறுத்துவிட்டால் அப்படியே ஏறுவாளாம். எனக்கு எது பெரிய பயம் என்றே தெரியவில்லை.

உங்களிடம் சொல்ல இத்தனை வருஷம் இடம் கிடைக்காத ஒன்றை எழுதிவிடுகிறேன். அரை மாத்திரைக்கு அந்தக் குதிரை விழாது. அதற்கு முன்னால் நான்கு குதிரைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் தலையைத் தாழ்த்தும், அவ்வளவுதான். என் கை எங்கே தப்பியது என்று இன்றைக்கும் புரியவில்லை. "என்னடா செஞ்சே?" என்று அண்ணன் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

கொழுந்தன்


மார்ச் 6, வெள்ளி

தம்பி,

உன் கை தப்பவில்லை.

அந்த வாரம் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வந்தவர்கள் முன்னால், "அண்ணிக்குச் சேணம் கட்டத் தெரியாது" என்று நீ சொன்னதில் எனக்குக் கோபம். போட்டியன்று காலையில் செங்குதிரை துள்ளிக்கொண்டிருந்தது, அவரைத் தள்ளிவிடுமோ என்று பயந்தேன். அலமாரியிலிருந்த மாத்திரையில் ஒன்றைப் பொடித்துத் தவிட்டில் கலந்து வைத்தேன். முழு மாத்திரை. நீ ஏற்கெனவே கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உன்னிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

நீ ஓடிவந்து சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் நீ கொடுத்ததை மட்டும் சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு தினமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஊசியைப் போடாதே. பேத்தியையும் ஏற விடாதே. நீ சொன்னால் கேட்க மாட்டாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல். என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

அண்ணி


மார்ச் 11, புதன்

தம்பி,

மினுக்கியும் பேத்தியும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். மினுக்கி இறங்கியதும் தீனி எடுத்தாள். கடிதத்தைப் படித்துவிட்டுப் பேத்தி தானே போய்ப் போட்டிப் பட்டியலில் தன் பெயரை அடித்தாளாம். "இடம் போச்சு, பாட்டி" என்றாள். நீ திடலுக்குப் பக்கத்திலேயே ஏதோ லாயத்தில் வேலைக்கு நின்றுவிட்டதாக லாரிக்காரர் சொல்கிறார். மூன்று நாளாக வெறுங்கையோடு வருகிறார்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது என் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்கு வயசாயிடுச்சும்மா. சித்தப்பா இங்கேருந்து வேலைக்குப் போயிட்டார்னு மனசு கேட்காம, பழசையெல்லாம் மாத்திச் சொல்றீங்க" என்றான். பேத்தி கடிதத்தைக் காட்டினாள். அவள் ஏறாமல் இருக்க நான் கட்டிய கதை என்கிறான்.

இந்த வீட்டில் என் ஞாபகத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பொய்யைச் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள்.

அரை மாத்திரை உன் கையால், ஒரு மாத்திரை என் கையால். நான் சொன்னது நடந்திருக்கும் என்று குதிரை தெரிந்த நீதான் சொல்ல முடியும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுக்கு எழுது. லாரி நாளைக் காலை கிளம்பும்.

அண்ணி