கொசுவலைக்குள்ள இருந்தது

பிரியமுள்ள மகளுக்கு அம்மா எழுதுறது. நீ மதுரைக்குப் போன பெறகு வீட்டுல பேச்சுச் சத்தமே இல்லை. காதுகிட்டே கொசு கத்தினாலும் அடிக்க எனக்குக் கை வரமாட்டேங்குது.

தம்பியை அடக்கத்துக்கு எடுத்துட்டுப் போன அன்னைக்கு அவன் பாயையும், நீ வாங்கிக் குடுத்த கொசுவலையையும் கொளுத்தச் சொன்னாக. வலையை அவுக்கும்போது உள்ளே ஒரு கொசு வயிறு செவந்து, பறக்க மாட்டாம உக்காந்திருந்துச்சு. தீப்பெட்டிக்குள்ள பிடிச்சு வச்சேன். மறுநாள் அதுவும் செத்துப்போச்சு.

கொசு வயித்து ரத்தத்துல டி.என்.ஏ.வோ என்னமோ பார்த்து, அது கடிச்சது மாட்டையா மனுசனையான்னு உங்க லேபுல கண்டுபிடிப்போம்னு கிறிஸ்மஸுக்கு வந்தப்ப சொன்னியே. "அப்ப என்னைக் கடிச்ச கொசு உனக்குத் தம்பி முறையாக்கா?"ன்னு அவன் கேட்டான். நீ அவன் தலையில கொட்டுனே.

அப்பா பெட்டியைப் பார்த்துட்டாக. "நம்ம பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் குடுத்ததே இதுதான், அடுப்புல போடு"ன்னு கத்துனாக. காய்ச்சல் குடுத்த கொசு, காய்ச்சல் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கடிச்சிருக்கும்னு நீதானே சொன்னே? இது கடைசியாக் கடிச்சது. அவன் ரத்தத்துல மண்ணுக்குள்ள போகாதது இந்தச் சொட்டு மட்டும்தான்.

பக்கத்து வீட்டுச் சவுந்தரம் கையில பெட்டியைக் குடுத்து விடுறேன். மனுச ரத்தம்னு மட்டும்தான் தெரியுமா, இன்னாரோடதுன்னும் தெரியுமா? அவனுதுதானான்னு பார்த்துச் சொல்லு.

நசுக்கித்தான் பார்க்கணும்னா பார்க்க வேண்டாம்மா. அப்படியே என்கிட்டே கொண்டுவந்து குடுத்துரு.

உன் அம்மா