தொட்டித் தண்ணீர் சொன்னது

சுங்குவார்சத்திரம்,
4.1.2022

அன்புள்ள கனி,

போனில் பேசினால் சண்டைதான் வரும். அதனால்தான் நீ கூப்பிட்டும் எடுக்கவில்லை.

உங்கள் ஆய்வகத்து ஆட்கள் நேற்று வந்து, எங்கள் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் பாட்டிலை விட்டுத் தண்ணீர் எடுத்துப் போனார்கள். தொழிற்சாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விடுதிப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "இன்னா வார்டன்க்கா, மறுபடியும் கொரோனான்னு உள்ள வெச்சிப் பூட்டப் போறாங்களா?" என்று முத்துச்செல்வி அழுதேவிட்டாள். போன வருடம் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றதும் தெருவே எங்களை எப்படிப் பார்த்தது என்பது உனக்குத் தெரியும். எங்கள் விடுதியை விட்டுவிடச் சொல், கனி. காலேஜிலிருந்து பழகிய உரிமையில் கேட்கிறேன்.

உன்
எழிலரசி


சென்னை,
7.1.2022

என் எழிலுக்கு,

இதை எங்கள் வண்டி டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். திட்டுவதற்கு முன்னால் படித்துவிடு.

கிருமி தொற்றியவர்களில் பலருக்கு, இருமல் வரும் முன்பே அது கழிவில் வெளியேறத் தொடங்கிவிடும். அதைத்தான் தேடுகிறோம். பாட்டிலில் யார் பெயரும் இல்லை. யாருக்கு என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் உங்கள் தொட்டியில் கிருமி இருக்கிறது, எழில். நிறையவே இருக்கிறது.

நாளை சுகாதாரத் துறையிலிருந்து வருவார்கள். கதவைப் பூட்டக் கூடாது, பெண்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள்.

சமையல்கார கனகம் அக்காவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்று முன்பு சொன்னாயே. அவர் உடம்பு இதைத் தாங்காது. இன்றே தனியறையில் வை. கோபமெல்லாம் அப்புறம் படலாம்.

செல்லக்கனி


சுங்குவார்சத்திரம்,
30.1.2022

என் கனிக்கு,

உன் கடிதத்தை கேட் அருகிலேயே நின்று படித்தேன். கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனால் கால் நேரே சமையலறைக்குப் போனது. "நான் போய்ப் படுத்துக்கினா இத்தினி பொண்ணுங்களுக்கு யாரு சோறாக்குவா?" என்று கனகம் அக்கா கரண்டியை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். மறுநாள் பரிசோதனையில் அவருக்கு இல்லை என்று வந்ததும், வாலாஜாபாத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

பெண்களில் பாதிப் பேருக்கு இருந்தது. பூட்டவில்லை, மிரட்டவில்லை. ஒரு மாடியை ஒதுக்கி, மாத்திரையும் கஞ்சியும் கொடுத்தோம். அதிலேயே எல்லோரும் தேறிவிட்டார்கள். முத்துச்செல்வி நேற்று தொழிற்சாலையில் லைன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

உன்னிடம் போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. எனக்கும் இருந்தது, கனி. ஒரு தும்மல்கூட இல்லை. மருந்து ஏற்றியதிலிருந்து கனகம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லையென்று தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் நான். நீ எழுதியிராவிட்டால் அன்று மதியமும் ஊட்டியிருப்பேன்.

இன்று காலை அவர் திரும்பி வந்துவிட்டார். குழம்பில் யாரோ உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார்களென்று கத்திக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நீயும் ஒரு நாள் வந்து கேட்க வேண்டும்.

நன்றியுடன்,
உன் எழில்