'மற்றவை': தினமும் இருபது நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. ஃபோனில் பேசாமல் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று யோசிக்காதே. உன் குரலைக் கேட்டால் பாதியிலேயே பொய் சொல்லிவிடுவேன். போன தடவை அப்படித்தான் செய்தேன்.

பள்ளி விட்டாயிற்று. தலைமையாசிரியை என்று பலகை மாட்டிய என் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

ஏழு நாடுகளில் நடக்கிற ஓர் ஆய்வில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளித் தலைவர்கள் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு நெருக்கடி வந்தாலும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு. ஒரு மாதம் நான் செய்வதையெல்லாம் நேரம் போட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். பெற்றோரைச் சந்தித்தல், வகுப்பைப் பார்வையிடுதல், கடிதப் போக்குவரத்து என்று பதின்மூன்று தலைப்பு. எதிலும் அடங்காததற்கு 'மற்றவை' என்று ஒரு கட்டம். நாடித்துடிப்பை அளக்க மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டிவிட்டார்கள். அத்தான், "வீட்டுலயும் கட்டிக்கோ, என்னைப் பார்த்தா ஏறுதா இறங்குதான்னு தெரியட்டும்" என்று கிண்டல் செய்தார்.

அந்த 'மற்றவை' கட்டத்தில் தினமும் காலையில் இருபது நிமிடம் என்று எழுதிவந்தேன். அது என்னவென்று உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்பின் கூரை விரிசலைப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டட இன்ஜினியர் நீ, "அக்கா, உள்ளே கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கு. நாளைக்கே அந்த ரூமைப் பூட்டு" என்று பதில் போட்டாய். ஒரு வாரம் கழித்து ஃபோனில் கேட்டபோது, எல்லாம் சரிசெய்தாயிற்று என்றேன். அது பொய். மேலே பூச்சு மட்டும்தான் பூசினார்கள். அறையைப் பூட்டினால் பள்ளியையே மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்றார் கல்வி அதிகாரி. அந்தச் சாலையைத் தாண்டி எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள். கட்டடம் பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் பதிலை ஃபோனிலிருந்து அழித்தேன்.

அன்றிலிருந்து, பிள்ளைகள் வருமுன் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு அந்தக் கூரை முழுவதையும் தட்டிக் கேட்பேன். 'டொக்' என்றால் நிம்மதி. 'பொத்' என்றால் உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறது, அதன் கீழே இருக்கும் பெஞ்சைத் தள்ளிப் போட்டுவிடுவேன். இதுதான் உன் அக்காவின் நிர்வாகம். சிரிக்க வேண்டுமானால் சிரி, திட்டுவதைவிட அது மேல்.

இன்று ஆய்வுக்காரப் பெண் காலை முதல் மாலை வரை என் கூடவே இருந்து குறிப்பெடுக்க வந்தாள். வந்ததுமே, "மன உறுதியில இதுவரைக்கும் உங்க மதிப்பெண்தான் அதிகம் மேடம்" என்றாள். அதைக் கேட்டபின் அவள் கண்ணெதிரே கம்பைத் தூக்க வெட்கமாகிவிட்டது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

பத்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. ஓடினேன். நான்கு நோட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்த அகலத்துக்குக் கூரை பெயர்ந்து இரண்டாவது பெஞ்சின்மேல் கிடந்தது. அதில் உட்காரும் மூன்று பேரும் அப்போதுதான் வாய்ப்பாடு ஒப்பிக்க டீச்சர் மேசைக்குப் போயிருந்தார்கள். ஒருத்தியின் பென்சில் டப்பா நசுங்கிவிட்டது. அவள் அதற்காகத்தான் அழுதாள். எல்லோரையும் வரிசையாக வெளியே அழைத்துப்போய் உட்காரவைத்து, பாட்டுப் பாடச் சொன்னேன். பிறகு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

வெளியே வந்தால் ஆய்வுக்காரப் பெண், "என்ன நிதானம் மேடம்!" என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். மதியம் பட்டையின் கணக்கைக் கணினியில் பார்த்தவள் திரையை என் பக்கம் திருப்பினாள். இன்று மட்டுமல்லவாம், இந்த மாதம் முழுக்கவே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை என் நாடி இறங்கவே இல்லையாம். "இந்த 'மற்றவை'ல என்ன செய்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். மூலையில் இருந்த கம்பைக் காட்டிச் சொன்னேன். நோட்டை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மதிப்பெண்ணை என்ன செய்வாளோ தெரியாது.

அதிகாரிக்கு ஃபோன் செய்தேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? விழுந்ததைக் கூட்டிட்டுப் பூசிடுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன், போன தடவை மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க" என்று வைத்துவிட்டார். அறையைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்திருக்கிறேன். வேலை போய்விடும், பள்ளி போய்விடும் என்ற பயமெல்லாம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், அவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கையெழுத்தைப் போட்டுவிடுவேனோ என்பதுதான். ஒருமுறை போட்ட கை இது. அதனால்தான் நசுங்கிய டப்பாவை மேசைமேலேயே வைத்திருக்கிறேன். டப்பாவுக்காக அழுத குழந்தைக்குப் புதிது வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் ஒரே ஓர் உதவி. நீ அன்று போட்ட பதில் உன் ஃபோனில் இருக்கும். அதைப் படம் பிடித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. அச்செடுத்து அதிகாரி கையிலும் கொடுப்பேன், பெற்றோர் கையிலும் கொடுப்பேன். அதற்கப்புறம் அந்த அறையை யாரும் திறக்கச் சொல்ல முடியாது. எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும்.

நீயும் உன் வீட்டாரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் அறையை இன்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடு. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கு நீ அடி வாங்கினாய். இந்தத் தடவை அப்படி எதுவும் செய்யாதே கண்ணா. அந்தப் பதிலின் மேலே இருக்கும் தேதியை மட்டும் வெட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா