சுனையா, ஊற்றா

அன்புள்ள உங்களுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். சிட்டு இப்போதுதான் தூங்கினாள். உங்கள் முகாமில் போன் எடுப்பதில்லை. விடிந்ததும் லாரி டிரைவர் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். உடம்பளவில் இருவரும் நலம். மனசு எப்படி என்றால், அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் சர்வேயர் வந்தார். மலையில் எந்த இடம் எந்த இனத்துக்கு என்று வரைபடம் போடுகிறார்கள். ஆறு இனம், ஆறு நிறம். நம் வீட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். ஓர் இடத்தை எந்த இனத்தாரின் சொல்லால் அழைக்கிறார்களோ, அது அவர்களுக்காம். பெரியவர்கள் கட்சி பேசுவார்கள் என்று குழந்தைகளைத்தான் கேட்கிறார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வரும் இடத்தைக் காட்டி, "அதுக்குப் பேரு என்ன தங்கம்?" என்றார். சிட்டு, "ஊத்து!" என்றாள். ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எவ்வளவு திருத்தமாகச் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத்தான் இப்போது விழுங்க முடியவில்லை.

கீழ்ச்சரிவில் உங்கள் ஆட்களுக்கு ஊற்று. மேல்சரிவில் எங்கள் ஆட்களுக்குச் சுனை. அதற்கு அடியில்தான் உங்கள் கம்பெனி தேடும் செம்புக்கல் இருக்கிறது. தோண்டலாம் என்று உங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கள் ஆட்கள் போடவில்லை. ஊற்று என்று வரைபடத்தில் ஏறிவிட்டால் அவர்களைக் கேட்கவே வேண்டாம். மேல்சரிவில் நாற்பது வீட்டுக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான்.

என் அண்ணன் வாசலிலேயே நின்று, "உன் மக ஒரு பிஸ்கட்டுக்கு எங்க தண்ணியக் குடுத்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குடத்தோடு வரும் பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் அண்ணன் சாயங்காலம் வந்தார். "புள்ள சொன்னத மாத்திச் சொல்ல வச்சேன்னா, அவ எங்க வீட்டுப் புள்ளையே இல்லன்னு ஆயிடும்மா, பாத்துக்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை இரண்டு பக்கத்தாரையும் வைத்து விசாரணை. குழந்தையையும் கூட்டிவரச் சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது. நாலு வயசுப் பிள்ளை, அத்தனை பேர் நடுவில்! நேற்று, "சுனைன்னு சொல்லுடா செல்லம்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "அப்பா ஊத்துன்னாரே" என்று அழுதாள். இன்றைக்குத் தாகம் எடுத்தபோது வாயைத் திறக்காமல் குடத்தை விரலால் காட்டினாள். தண்ணி என்று கேளேன்டி என்றால், "மொதல்ல நீ சொல்லு" என்கிறாள்.

உங்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மழை பொய்த்த வருஷம் முதல்முதலாகக் கேனும் கையுமாக வந்து, இங்கே தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று என்னிடம்தான் கேட்டீர்கள். சுனைக்குப் போங்கள் என்றேன். "சுனைன்னா?" என்றீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்னைச் சீண்டுவதற்கென்றே ஊத்து, ஊத்து என்று ஆரம்பித்தீர்கள். அதுவரை கீழ்ச்சரிவு ஆள் யாருக்கும் அந்த இடமே தெரியாது.

இதை நான் சொன்னால் அண்ணனுக்காகப் பேசுகிறேன் என்பார்கள். முதலில் அதைச் சுனை என்றுதான் கேள்விப்பட்டேன் என்று நீங்கள் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் சிட்டுவை யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கையெழுத்து உங்கள் வேலையை என்ன செய்யும், உங்கள் அண்ணனை என்ன செய்யும் என்று தெரியாமல் கேட்கவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் அதையாவது எழுதுங்கள். என்ன செய்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

லாரி புதன்கிழமை திரும்புகிறது. தயவுசெய்து அதில் பதில் அனுப்புங்கள்.

உங்கள்
சிட்டுவின் அம்மா