உங்க ஆளுங்க எப்படி ஓட்டுப் போடுறாங்க?

பிப்ரவரி 9, சனி

கட்சியின் மாதாந்திரக் காலை உணவு. நான் எப்போதும் கதவோரம் உட்காருகிறவன். இன்று மாவட்டக் கட்சித் தலைவர் ராய்ஸ் டில்லரி என் தோளில் கைபோட்டு அழைத்துப்போய், சட்டசபை உறுப்பினர் ஹேட்லிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். டன்மோர் மாவட்டக் கமிட்டியில் ஒரே கறுப்பன் நான். படம் எடுக்கும்போது மட்டும்தான் முன்வரிசைக்குக் கூப்பிடுவார்கள். இன்று கேமராவே இல்லை.

ஹேட்லி கேட்டார்: "வெண்டல், உங்க ஆளுங்க எப்படி ஓட்டுப் போடுறாங்க? எங்க யாருக்கும் சரியாத் தெரியலையேப்பா."

இத்தனை வருடத்தில் அந்தக் கமிட்டியில் ஒருவரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கொட்டிவிட்டேன். எங்கள் ஜனங்கள் தேர்தல் நாள்வரை காத்திருப்பதில்லை. முன்கூட்டியே ஓட்டுப் போடும் வாரங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் பஸ்ஸில் ஏறி, போட்ட தொப்பியோடு நேராகச் சாவடிக்குப் போய்விடுவார்கள். "அடையாள அட்டை காட்டச் சொன்னா எதைக் காட்டுவாங்க?" என்றார். கார் ஓட்டாதவர்கள் நிறையப் பேர் என்றேன். என் அக்கா மாதிரி பள்ளியில் சமைக்கிறவர்கள் பள்ளிச் சமையலறை அட்டை, பிள்ளைகள் கல்லூரி அட்டை, வயதானவர்கள் அரசாங்கக் குடியிருப்பு அட்டை.

தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எலுமிச்சைச் சாறோடு வந்து நிற்கப்போகிறார்கள் போல. கடைசியில் எங்கள் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்க வருகிறார்கள்! சந்தோஷத்தில் இரண்டு பிஸ்கட் கூடுதலாகத் தின்றேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஒலீத்தா அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. நடந்ததைச் சொன்னேன்.

"டேய், கேக்கு மேல வைக்கிற செர்ரிடா நீ. வெட்டுறப்ப முதல்ல உன்னத்தான் எடுத்துக் கீழ வைப்பாங்க."

"கட்சியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒத்தக் கண்ணாலயே எனக்கு இவ்வளவு தெரியுது. ரெண்டு கண்ணு வச்சிருக்கிற உனக்கு ஏன்டா தெரியல?"

சின்ன வயதில் பருத்திக் காட்டில் போன கண் அது. அதனால் அவளுக்கு ஓட்டுநர் உரிமமும் இல்லை. திட்டினாலும் கிளம்பும்போது வழக்கம்போல ஒரு தட்டு நிறையக் கோழியும் கீரையும் வைத்து, வெள்ளித்தாள் மூடிக் கையில் கொடுத்தாள். அம்மா போனதிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவளுக்குத் தவறாத இன்னொன்று ஓட்டு. எங்கள் ஜனங்களை ஓட்டுப் போட விட்ட முதல் வருடத்தை அவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக் கமிட்டித் தேர்தலைக்கூட விட்டதில்லை.

மார்ச் 21, வியாழன்

சர்ச் கூடத்தில், கட்சி கொண்டுவரப்போகும் வாக்காளர் அட்டைச் சட்டத்தைப் பற்றி விவாதம். கட்சி சார்பில் பேச நான் ஒருவன்தான் எழுந்தேன். "விமானம் ஏற அட்டை வேணும், இருமல் மருந்து வாங்க அட்டை வேணும். ஓட்டுக்கு வேண்டாமா?"

பின்வரிசையிலிருந்து எங்கள் சர்ச்சின் டீக்கன் அமோஸ்: "செத்தவங்க ஓட்டுப் போடுறாங்கன்னு உங்க கட்சி சொல்லுதே. நம்ம ஊர்ல செத்தவங்க எல்லாரையும் நீதானே அடக்கம் பண்ற. எவனாவது எந்திரிச்சுப் போனானா வெண்டல்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். எவரும் எழுந்து போனதில்லை என்பதுதான் உண்மை. இருந்தாலும் சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தானே வரும்? அதில் என்ன கெடுதல் இருக்கிறது?

அக்கா என் ஈமச்சடங்குக் கடையின் பெயர் அச்சடித்த அட்டை விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 18, வியாழன்

மசோதா வந்துவிட்டது. மூன்று தரம் படித்தேன்.

துப்பாக்கி உரிமம் செல்லும். ஓட்டுநர் உரிமம் செல்லும். பள்ளிச் சமையலறை அட்டை செல்லாது. கல்லூரி அட்டை செல்லாது. குடியிருப்பு அட்டை செல்லாது. முன்கூட்டியே போடும் ஞாயிறு — கிடையாது.

நான் சொன்னது. ஒன்று விடாமல் நான் சொன்னது. எலுமிச்சைச் சாறு கொண்டுவரப் போகிறார்களாம்! அட மடையா. அவங்க கேட்டது கதவு எங்க இருக்குன்னு. நீ கைய நீட்டிக் காட்டின. பூட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.

ஏப்ரல் 19

இறந்துபோன திருமதி பெட்டிகுரூவைப் பெட்டியில் கிடத்தி அலங்கரித்தேன். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பூசினேன்.

ஏப்ரல் 20, சனி

ராய்ஸின் கடைக்கே போனேன். உரமூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேசினோம்.

"ராய்ஸ், நீங்க இதுக்குத்தான் என்னக் கேட்டீங்களா?"

"இதுல நிறம் எங்கப்பா வந்துச்சு? அட்டை எல்லாரும்தான் காட்டணும்."

"எங்ககிட்ட இருக்கிற அட்டைய மட்டும் பாத்துப் பாத்து எடுத்திருக்கீங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "உங்க ஆளுங்க நமக்குப் போட்டா நானே பஸ்ஸ ஓட்டிட்டு வருவேன். போடறதில்லையே. அப்ப குறைச்சுத்தானே ஆகணும்? சோம்பேறிங்களுக்கு ஒரு அட்டை எடுக்க முடியலன்னா நாங்க என்ன பண்றது?" பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ அவங்கள மாதிரி இல்ல வெண்டல். உன்னச் சொல்லல."

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நானூறு பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கிறாள் என் அக்கா. சோம்பேறியாம்.  

ஏப்ரல் 21, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். யார் அவர்களுக்குச் சொன்னது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. வேறு வாயால் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று நினைத்தேன். கத்துவாள், கரண்டியை வீசுவாள் என்று காத்திருந்தேன்.

"என் அட்டையையும் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கிளம்பினேன். தட்டு கொடுக்கவில்லை.

மே 14

கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். மசோதா சட்டமாகிவிட்டது. இந்த நவம்பரிலிருந்தே அமல்.

ஜூலை 9, செவ்வாய்

அரசாங்கம் கொடுக்கும் புது வாக்காளர் அட்டை இலவசமாம். கொடுக்கும் அலுவலகம் பக்கத்து ஊரில், செவ்வாய் மட்டும் திறக்கிறது. பஸ் கிடையாது. ஆகவே இறந்தவர் குடும்பத்தை ஏற்றிப்போகும் என் நீளக் கறுப்புக் காரை எடுத்தேன். முதல் நாள் ஐந்து பேர். டீக்கன் அமோஸ் ஏறும்போதே, "உயிரோட இதுல ஏறுறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் மரியாதையாக வண்டியை ஓரம்கட்டி, தொப்பியைக் கழற்றினார்கள். சாவு ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே இருந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அக்கா வந்தாள், டீக்கன் வற்புறுத்தியதால். ஒரு நாள் சம்பளம் போய்விட்டது. முன்சீட்டு காலியாக இருந்தும் கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

பிறப்புச் சான்று கேட்டார்கள். அவள் பிறந்தபோது எங்கள் ஜனங்களை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். மருத்துவச்சி கையில் வீட்டில் பிறந்தவளுக்கு எங்கிருந்து வரும் சான்று? "அப்ப நீங்க பிறந்ததுக்கு ஆதாரம்?" என்றது மேஜைக்குப் பின்னால் இருந்த சின்னப் பெண்.

"நான் உன் முன்னாடி நிக்கிறேனேம்மா," என்றாள் அக்கா.

சான்று கேட்டு மாநிலத் தலைநகருக்கு எழுதிப்போட்டிருக்கிறோம்.

அக்டோபர் 6

சர்ச்சுக்குப் புது விசிறிகள் கொடுத்தேன். என் கடைப் பெயர் இருந்த இடத்தில் எந்த அட்டை செல்லும், செவ்வாய் எங்கே நிற்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தேர்தல். காலையிலிருந்து கார் நிற்கவேயில்லை. அக்காவுக்குத் தலைநகரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இருந்தும் சமையலறை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். சாவடியில் அட்டை பார்க்கும் மேஜையில் இருந்தது மிஸ் லோரீன். அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளே அக்காதான்.

"ஒலீத்தா, உன்ன எனக்குத் தெரியும். ஆனா அட்டை..."

அவள் ஓட்டைத் தனி உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அட்டை வந்தால் எண்ணுவார்களாம்.

நவம்பர் 8, வெள்ளி

வரவில்லை.

நவம்பர் 9, சனி

ராய்ஸ் போன் செய்தார். எங்கள் பகுதியில் அவர்கள் நினைத்ததைவிட மூன்று மடங்கு ஓட்டு விழுந்திருக்கிறது. பழைய பாசத்தோடு ஆரம்பித்தார்: "வெண்டல், காலைச் சாப்பாட்டுக்கு வாயேன். உங்க ஆளுங்க இந்தத் தடவை எப்படிப்பா வந்தாங்க?"

இறந்தவர்களின் வாய் திறக்காதபடி மூடிவைப்பது என் தொழில். முப்பது வருடமாகச் செய்கிறேன். இன்றுதான் முதல்முறையாக என் வாய்க்கும் செய்தேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அக்காவின் ஓட்டு எண்ணப்படவில்லை என்று கடிதம் வந்ததாம். ஆராதனைக்குப் பிறகு காரருகில் வந்து அதை என்னிடம் நீட்டினாள். படித்தேன்.  அழுதுவிட்டேன், எல்லோரும் பார்க்க.

அவள் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மடியில் வெள்ளித்தாள் மூடிய தட்டு.

"ஆறிடப்போகுது, வண்டிய எடு," என்றாள். "செவ்வாய்க்கிழமை எனக்கும் ஒரு இடம் வை. அந்தப் பொண்ணு முன்னாடி மறுபடி போய் நிக்கணும்."