ஸ்பிரிட் மட்டும் ஊற்றிய குழாய்

இன்று காலை சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வந்த பெண், என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "இன்னும் குத்தவே இல்லையே மேடம், அதுக்குள்ளயா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். எழுபதைத் தாண்டிய கிழவி ஊசிக்குப் பயப்படுகிறாள் என்றே நினைத்துக்கொண்டு போகட்டும். அந்த வாடை வந்தால் கூடவே நீயும் வருகிறாய் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நீ இருந்தபோதே எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது பொய். நேரில் சொல்லவே எனக்கு வாய்ப்பு இருந்தது. அப்போது மென்று முழுங்கியவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டில் இரண்டே அறைகள் கொண்ட ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. இலை, வேர், கடலில் கிடைப்பது என்று எதிலிருந்தாவது சாறெடுத்து, அது புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரத்தில் இறங்கி, மணலில் வடக்கே நடந்தால் உங்கள் குப்பம். பாறைப் பக்கம் போட்ட வலைகளில் கடற்பஞ்சு சிக்கி வரும். பார்க்கப் பழுப்பாக, அழுகல் நாற்றத்தோடு இருக்கும். உங்கள் ஆட்கள் அதைத் திட்டிக்கொண்டே உதறிப் போடுவார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியில் பொறுக்குவேன்.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த நீ, முதல் நாளே என்னைப் பார்த்துக் கேட்டாய்: "இன்னா டீச்சரம்மா, உனுக்கு வேற வேலயே இல்லியா? நாங்க தூக்கிக் கடாசறத வந்து பொறுக்கிகினு கீற."

நோட்டில் எழுதுகிற பெண் யாராக இருந்தாலும் உனக்கு டீச்சர்தான். நான் திருத்தவில்லை. இந்தப் பஞ்சும் ஓர் உயிர்தான், ஆனால் அதற்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது, அதனால் தன்னைக் காத்துக்கொள்ள உடம்புக்குள் விஷம் வைத்திருக்கும், அந்த விஷம்தான் எனக்கு வேண்டும் என்று விளக்கினேன். நீ ஒரு நொடி யோசித்தாய். "அப்போ எங்க மாமியா மாரின்னு சொல்லு. அதுவும் குந்தின எடத்துல குந்திகினே வெசம் வெச்சிருக்கும்." கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமியாரும் அங்கேதான் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீயே பிரித்து வைத்தாய். நான் ஒட்டிய சீட்டுகளெல்லாம் உப்புத் தண்ணீரில் கரைந்து போயின. நீ வலை நூலை எடுத்து ஒவ்வொரு பஞ்சிலும் முடிச்சுப் போட்டுக் கட்டினாய். பாறையில் கிடைத்ததற்கு ஒரு முடிச்சு, ஆழத்திலிருந்து வந்ததற்கு இரண்டு. "எயுத்து அயிஞ்சிடும். முடிச்சு அயியுமா?" என்று கேட்டாய். என் நோட்டுப் புத்தகத்தில் இன்றும் அந்த முடிச்சுகளைத்தான் வரைந்து வைத்திருக்கிறேன். நான் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வதைப் பார்த்து உனக்கு ஒரே கேலி. பஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத முள் இருக்கிறது, தோலைப் புண்ணாக்கும் என்று சொன்னதோடு சரி. உனக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்து தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் என்னால் வர முடியவில்லை. நீயே வாளியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்துவிட்டாய். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் உன்னைப் படியிலேயே நிற்க வைத்தாராம். நீ உள்ளே வந்த நேரம், நான் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். எலியின் வயிற்றில் வளர்த்து எடுத்த புற்றுநோய்ச் செல்களில் உன் இரண்டு முடிச்சுப் பஞ்சின் சாற்றை விட்டு, பிறகு நீலச் சாயம் கலந்திருந்தேன். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்தது விட்டுவிடும். கண்ணுக்கெட்டிய வரை நீலம். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னைப் பிடித்து இழுத்துப் பார்க்க வைத்தேன்.

"அட, எல்லாம் நீலமா கீதே!"

"நீலமானா செத்துப்போச்சுன்னு அர்த்தம். அத்தனையும் புத்துநோய். நீ கொண்டாந்த பஞ்சு கொன்னிருக்கு."

நீ கண்ணை எடுக்காமலே கேட்டாய். "மன்சாளுக்கு வர கட்டிக்கும் இது கேக்குமா டீச்சரம்மா?"

"கேக்கும். கேக்காம என்ன?"

இதைச் சொன்னது நான்தான். இன்னும் பல வருஷ வேலை இருக்கிறது, எலிக்கே இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். கேட்டபோது உன் இடது கை மாராப்புக்குள் இருந்தது. பார்த்தேன். பார்த்தும் எதுவும் நினைக்கவில்லை. போகும்போது வாளியிலிருந்து ஒரு பஞ்சைத் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாய். குப்பத்தில் எல்லோருக்கும் காட்டப் பெருமையாக எடுத்துப் போகிறாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் கூடத்தின் மூத்த விஞ்ஞானி என் நோட்டைப் புரட்டினார். "ஸ்பிரிட் மட்டும் ஊத்தின ட்யூப் எங்கம்மா?" என்றார். அப்படி ஒரு குழாயே நான் வைத்திருக்கவில்லை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பஞ்சைச் சும்மா பிழிந்தால் அதன் சாறு வராது. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆக, செல்களில் நான் விட்டது பஞ்சும் ஸ்பிரிட்டும் சேர்ந்த கலவை. எது கொன்றது என்று தெரிய, ஸ்பிரிட்டை மட்டும் விட்ட ஒரு குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் வெறும் உப்புத் தண்ணீர் விட்ட குழாயை வைத்துவிட்டு, அது போதும் என்று இருந்துவிட்டேன். அன்று மாலையே ஸ்பிரிட்டை மட்டும் விட்டுப் பார்த்தேன். அதே நீலம். மறுநாள் ஸ்பிரிட் முழுவதையும் ஆவியாக்கிவிட்டு, சாற்றை மட்டும் விட்டுப் பார்த்தேன். ஒரு செல்லும் சாகவில்லை. உன் பஞ்சு எதையும் கொல்லவில்லை. எந்த உயிரையும் கொல்கிற ஸ்பிரிட்தான் கொன்றிருந்தது. கல்லூரி மாணவிகூடச் செய்யக் கூடாத தப்பு இது.

அடுத்த சனிக்கிழமை நான் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஆடிக் காற்று, பஸ் சரியில்லை, புதிதாக ஒரு வேர் வந்திருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். குப்பம் முழுக்க நீ சொல்லியிருப்பாய் என்று தெரியும். கரையில் அத்தனை பெண்கள் நடுவில் நின்று "அது ஒன்றுமில்லை, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த உன் புருஷன் ஒருநாள் கூடத்து வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, அது பெரியாஸ்பத்திரில கெடக்குது. உன்னிய பாக்கணும்னு சொல்லிகினே கீது."

நீ பாதியாக இளைத்திருந்தாய். மார்பில் கட்டி. என் கூடத்துக்கு வந்த அன்றே அது இருந்திருக்கிறது. புருஷனிடம்கூடச் சொல்லாமல், தினமும் பஞ்சை அரைத்துப் பற்றுப் போட்டு, மேலே துணி சுற்றிக்கொண்டு மீன் விற்கப் போயிருக்கிறாய். தோலெல்லாம் புண். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் உன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ என் மேல் கோபப்படுவாய் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது வேறு.

"நான்தான் சரியா அரைக்கல போல கீது டீச்சரம்மா. நீ கண்ணாடிக்குள்ள எம்மாம் பதமா வெச்சிருந்த. நான் அம்மில போட்டு முரட்டுத்தனமா அரச்சிட்டேன். அதான் கேக்கல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். வாயைத் திறந்தேன். வந்தது இது: "பரவால்ல. அடுத்த தடவ நானே அரைச்சுத் தரேன்."

நீ நிம்மதியாகத் தலையசைத்தாய். பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாய்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலைதான் செய்தேன். வேறெங்கோ கடற்பஞ்சிலிருந்து உண்மையாகவே மருந்து எடுத்திருக்கிறார்கள் என்று படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கூடத்தில் எந்தச் சோதனை தொடங்கினாலும் முதல் குழாய் ஸ்பிரிட் மட்டும் ஊற்றியதாக இருக்கும். அதன் கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட்ட வலை நூல் ஒன்றைக் கட்டுவேன். மேடத்துக்கு ஏதோ சென்டிமென்ட் என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எதற்கு என்று ஒருத்தி ஒருமுறை நேராகவே கேட்டாள். பழக்கம் என்று சொல்லிவிட்டேன். பார், அங்கேயும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற அன்று கடைசிக் குழாயிலிருந்து அவிழ்த்த நூல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதை இப்போது எதிரே எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான். நீ சரியாகத்தான் அரைத்தாய். எவ்வளவு பதமாக அரைத்திருந்தாலும் அது கேட்டிருக்காது. உன் அம்மியில் ஒரு தப்பும் இல்லை.